பல்பு மாற்றியும் தெரியாத சாலை: ஒரு பைக்கின் ஃபாக் லைட், நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் ஒரு சிறிய பட்டறையில் மோட்டார் சைக்கிள்களுக்கு மின்வேலை பார்க்கிறேன். இங்கே எழுதுவது எங்களிடம் வந்த ஒரு வண்டியின் கதை. வண்டிக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், வண்டி எண் எதுவும் இதில் இல்லை. பட்டறையில் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சுவா சூ காங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடு, லிம் சூ காங் பக்கம் ஒரு காய்கறிப் பண்ணையில் மேற்பார்வை வேலை. விடியுமுன் கீரைக்கட்டுகள் லாரி ஏற வேண்டும் என்பதால் நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். சிங்கப்பூரில் பொழுது விடிய ஏறக்குறைய ஏழு மணி ஆகும். ஆண்டு முழுக்க அவர் வேலைக்குப் போவது இருட்டில்தான். பழைய சுவா சூ காங் சாலை, லிம் சூ காங் சாலை, நியோ தியூ சாலை என்று போய்ப் பண்ணைச் சந்துக்குள் நுழைவார். பெரிய சாலையில் பிரச்சினை இல்லை. உள்ளே போகப்போக மரக்கிளைகள் விளக்குக் கம்பங்களை மறைக்கின்றன, சாலையோரத்தில் லாரிகள் உதிர்த்த மண் கிடக்கிறது, தெருநாய் படுத்திருக்கும், சில நாள் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராக் காற்றோடு வரும் மழை பெரும்பாலும் விடியற்காலையில்தான் கொட்டும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை.

இரண்டாம் வகுப்பு ஏ உரிமத்தில் ஓட்டும் 400 சிசிக்கு உட்பட்ட டூரிங் ரக (நெடுந்தூரப் பயணத்துக்கான) வண்டி, இன்னொருவர் ஓட்டியதைப் பழையதாக வாங்கியது. வண்டியைத் தயாரித்த நிறுவனமே துணைப்பொருளாக விற்ற ஃபாக் லைட் ஜோடி, அதாவது மூடுபனிக்கும் மழைக்கும் முகப்பு விளக்கோடு கூடுதலாகப் போடும் விளக்குகள், அதில் இருந்தது. கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும், பக்கத்தில் ‘பி’ எழுத்தும் பொறித்திருந்தன. ஐ.நா. விதிமுறைப்படி முன்பக்க ஃபாக் லைட்டாகச் சோதித்து ஒப்புதல் பெற்ற விளக்கு என்பதற்கான அடையாளம் அது. இந்த முத்திரை எச்8 ரக 35 வாட் ஹாலஜன் பல்பு போட்ட விளக்குக்குக் கொடுக்கப்பட்டது என்பது பிறகு முக்கியமாகிறது.

எதற்காக வந்தார்

தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம். ஒரு நாள் அதிகாலை நல்ல மழையில் நியோ தியூ சாலையில் போகும்போது, முறிந்து விழுந்த கிளை ஒன்று இடப்பக்க ஓரத்தில் கிடந்திருக்கிறது. பக்கத்தில் போன பிறகுதான் அண்ணன் கண்ணில் பட்டது. பிரேக்கை அழுத்தியதில் முன்சக்கரம் ஒரு முழம் இழுத்துக்கொண்டு போய், பிறகு பிடித்துக்கொண்டது. அவர் விழவில்லை, ஆனால் மனத்தில் அது உட்கார்ந்துவிட்டது. அன்று மாலையே இணையத்தில் எல்.இ.டி. பல்பு ஒரு ஜோடிக்குச் சொல்லிவைத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் பெட்டியோடு பட்டறைக்கு வந்தார்.

“தம்பி, இத மட்டும் மாட்டிக் குடு. வெளிச்சம் பத்தல, அவ்வளவுதான்.”

பெட்டியில் 20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு), 6,000 கெல்வின் (ஒளியின் நிறம், பளீர் வெள்ளை) என்று அச்சடித்திருந்தது.

முதல் முடிவு, அதில் எங்கள் தவறு

நான் மாட்டிக் கொடுத்துவிட்டேன். பல்பு ஹோல்டரில் உட்காருகிறதா, ஃபியூஸ் தாங்குமா, இரண்டு பக்கமும் எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். வேறு எதையும் அளக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டம், அவர் பொருளோடு வந்திருக்கிறார், இருபது நிமிட வேலை. வேறு நூறு காரணம் சொல்லலாம். ஆனால் ஒருவர் தெரியவில்லை என்று சொல்லி வரும்போது, ஏன் தெரியவில்லை என்று கேட்காமல் கையில் இருப்பதை மாட்டிவிட்டது என் தவறுதான்.

இன்னொன்றும் செய்தேன். எல்.இ.டி. பல்பின் பின்னால் சூடு இறக்கும் உலோகத் துண்டும் சிறு விசிறியும் இருந்தன. விளக்கின் பின்பக்க ரப்பர் மூடி அதன் மேல் ஏறவில்லை. மூடியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.

பட்டறைச் சுவரில் அடித்துப் பார்த்தபோது பளீரென்று இருந்தது. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஒன்பது நாள்

மழை இல்லாத முதல் இரண்டு நாள் அவருக்குத் திருப்திதான். மூன்றாம் நாள் மழை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சக்கரத்துக்கு முன்னாடி பட்டப்பகல் மாதிரி இருக்குது, அதுக்கு அப்பால தார் போட்ட மாதிரி ஒரே கறுப்பு.”

எதிரே வரும் லாரிகள் ஹைபீம் அடிக்கத் தொடங்கின. முதலில் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆறாம் நாள், அதே பண்ணையில் லாரி ஓட்டும் ஒருவர் நேரில் சொன்னார்: “அண்ணே, உங்க வண்டி எதுக்க வந்தா எனக்கு ரோட்டுக் கோடே தெரிய மாட்டேங்குது. நேத்து ஓரங்கட்டி நின்னுட்டேன்.” அண்ணனை அசைத்தது இதுதான். தான் பார்ப்பதற்காகப் போட்ட விளக்கு இன்னொருவன் கண்ணை மறைக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தார். இடப்பக்க விளக்கின் கண்ணாடிக்குள் உள்பக்கமாக முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கீழ் விளிம்பில் ஒரு கரண்டி அளவு தண்ணீர் தேங்கி, வண்டியை ஆட்டினால் ஆடியது. மூடி இல்லாத பின்வாசல் வழியாக மழை உள்ளே போயிருக்கிறது. பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் பளபளப்பான ரிஃப்ளெக்டரில் ஓரிடத்தில் மங்கல் படிய ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, அது துடைத்ததும் போய்விட்டது.

சுவரும் மீட்டரும்

அன்று மாலை பட்டறை மூடிய பிறகு நிதானமாக உட்கார்ந்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

வண்டியைச் சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினோம். டயர்க் காற்றைச் சரிபார்த்தோம். அண்ணனை மேலே உட்கார வைத்தோம், பின்பெட்டியில் அவர் தினமும் கொண்டுபோகும் சாமான்களையும் வைத்தோம். ஃபாக் லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 60 செ.மீ. உயரம். சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்குக் கீழே 20 செ.மீ. தள்ளி இன்னொரு கோடு.

ஃபாக் லைட்டின் உயிரே அதன் ஒளி விழும் வடிவத்தில்தான் இருக்கிறது. அகலமாக, தட்டையாக, மேல்விளிம்பு கத்தி வைத்து வெட்டியதுபோல் இருக்க வேண்டும். அந்த விளிம்புக்கு மேலே வெளிச்சம் போனால் அது பனியிலும் மழைத்துளியிலும் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வருபவர் கண்ணையும் குத்தும். எல்.இ.டி. போட்டிருந்த நிலையில் சுவரில் விளிம்பு என்று ஒன்றைக் காட்டவே முடியவில்லை. நடுவில் ஒரு வெள்ளைப் பந்து, சுற்றிலும் இரைந்த வெளிச்சம். மேல்கோட்டுக்கு மேலேயும் நிறையப் போயிருந்தது.

காரணம் எளியது. ரிஃப்ளெக்டரின் வளைவு, ஹாலஜன் பல்புக்குள் சில மில்லிமீட்டர் நீளத்தில் நிற்கும் ஒரு கம்பிச்சுருளைக் கணக்கில் வைத்துச் செதுக்கப்பட்டது. ஒளி அந்த இடத்தில், அந்த உருவத்தில் பிறந்தால்தான் கணக்குப்படி வெளியே போகும். எல்.இ.டி. பல்பில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். தகட்டின் தடிமனே சில்லுகளை நடுக்கோட்டிலிருந்து விலக்கிவிடுகிறது. பல்பைத் திருப்பிச் சில்லுகள் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணித் திசைகளைப் பார்க்கும்படி வைத்தோம். கொஞ்சம் மேம்பட்டது, ஆனாலும் விளிம்பு வரவில்லை.

20,000 லூமன் என்ற எண்ணையும் பார்த்துவிட்டோம். ஒரு பல்பு 1.6 ஆம்பியர் இழுத்தது. 14 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 22 வாட். இன்றைக்கு வரும் நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும். தாராளமாகப் பெருக்கினாலும் 3,300-ஐத் தாண்டாது, சூடேறியபின் அதுவும் இறங்கும். இந்த எண்ணை நம்பித்தான் நம் ஆட்கள் காசைக் கொட்டுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிறகு அண்ணன் வீட்டிலிருந்து எடுத்துவந்த பழைய பல்புகளைப் பார்த்தோம். இடது பல்பு எச்8, 35 வாட். வலது பல்பைக் கையில் வாங்கியதுமே விரலில் ஏதோ சொரசொரத்தது. அடிப்பாகத்தின் பிளாஸ்டிக் காது ஒன்றை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தால் எச்11, 55 வாட். இரண்டும் ஒரே குடும்பத்துப் பல்புகள். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றது ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே காதுகளை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். எச்8 சுமார் 800 லூமன், எச்11 சுமார் 1,350 லூமன். கூடுதல் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு முந்தைய உரிமையாளர் காதைத் தேய்த்து மாட்டியிருக்க வேண்டும். 35 வாட்டுக்குச் செய்த வலப்பக்க ஹோல்டர் அந்தச் சூட்டில் பழுப்பேறி, பிளக்கைப் பிடுங்கும்போது விளிம்பில் பொடியாக உதிர்ந்தது.

புது எச்8 ஜோடி ஒன்றை மாட்டி, என்ஜினை 3,000 சுற்றில் வைத்து மல்டிமீட்டரைத் தொட்டேன். பாட்டரி முனையில் 14.1 வோல்ட். பல்பின் பிளக்கில் 12.0. நடுவில் 2.1 வோல்ட்டைக் காணோம்.

ஒவ்வோர் இணைப்பாகத் தேடிப் போனோம். பாசிட்டிவ் பக்கம் 1.3 வோல்ட் விழுந்தது: மெல்லிய வயர், ஹேண்டில்பாரில் இருந்த மலிவு ஸ்விட்ச் வழியாகவே முழு மின்சாரமும் ஓடியது, அதன் தொடுமுனைகள் கறுத்துக் கிடந்தன. மீதி 0.8 வோல்ட் எர்த்துப் பக்கம். எர்த்து வயரை வண்டிச் சட்டத்தில், பெயின்ட்டைச் சுரண்டாமலே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். வாஷருக்கு அடியில் ஈரத்தில் பச்சை பூத்திருந்தது.

ஹாலஜன் பல்பில் வோல்ட் குறையும் அளவிலேயே வெளிச்சமும் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைவிட வேகமாக விழும். வோல்ட் விகிதத்தை ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்குக்கு (பவருக்கு) உயர்த்தினால் வெளிச்ச விகிதம் கிடைக்கும். 14.1-க்கு 12.0 என்றால் 58 விழுக்காடு வெளிச்சம்தான் மிஞ்சும். 42 விழுக்காடு வயரிலேயே கரைந்துவிட்டது. வெளிச்சம் போதவில்லை என்று அண்ணன் சொன்னது முழு உண்மை. பல்பை மட்டும் சந்தேகப்பட்டதில்தான் அவரும் நானும் வழுக்கிவிட்டோம்.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

எங்கள் முன் இருந்த வழிகளை அண்ணனோடு உட்கார்ந்து பேசினோம்.

வேறு எல்.இ.டி. பல்பு வாங்கிப் பார்க்கலாம் என்றார் பட்டறையில் ஒருவர். ரிஃப்ளெக்டர் மாறாதவரை அதே சிக்கல் திரும்ப வரும். தவிர, அந்த முத்திரை ஹாலஜன் பல்போடுதான் செல்லும். இரண்டு பக்கமும் 55 வாட் போடுவது ஹோல்டரை உருக்கும் வேலை, பழுப்பேறிய ஹோல்டரே அதற்குச் சாட்சி. ஹெச்.ஐ.டி. (கம்பிச்சுருள் இல்லாமல், வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரியும் விளக்கு) பேச்சை எடுக்கவே விடவில்லை. ஹெச்.ஐ.டி. முகப்பு விளக்கை வெளியில் வாங்கிப் பொருத்துவதை நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிப்பதில்லை. அப்படியிருக்க, ஃபாக் லைட்டில் அதைச் செருகிக் கொடுக்க எனக்கு மனமில்லை. எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்து ஒப்புதல் முத்திரை பெற்ற முழு விளக்கை வாங்கி மாட்டுவது நல்ல வழி, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இருக்கும் விளக்கு அதன் முழுத் திறனில் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. வயரைச் சரிசெய்து, எச்8 போட்டு, கோணம் வைத்துப் பார்ப்பது. போதவில்லை என்றால் முழு விளக்கை மாற்றுவது என்று முடிவானது.

அண்ணன் மஞ்சள் பல்பு கேட்டார். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துப் போகும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. பனித்துளியும் மழைத்துளியும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எந்த நிறமாக இருந்தாலும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நீலம் குறைவாக இருப்பதால் சிலருக்குக் கூச்சம் குறைவாகத் தோன்றும், அந்த வசதி உண்மையானது. ஆனால் மஞ்சள் பூச்சு பூசிய ஹாலஜன் பல்பில் பூச்சே கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடும். சாதாரண பல்பின் ஒளியே வெதுவெதுப்பான நிறம்தான் என்பதால் அதையே வைத்தோம்.

வேலை இப்படி நடந்தது. பாட்டரியிலிருந்து நேராக 2 சதுர மி.மீ. வயர், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ், நடுவில் ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். பழைய ஸ்விட்ச் இனி ரிலேயை மட்டும் தட்டிவிடும், பல்பின் மின்சாரம் அதன் வழியாகப் போகாது. ரிலேக்கான மின்சாரத்தைச் சாவிக்குப் பின்னால் எடுத்ததால், சாவியை அணைத்தால் விளக்கும் அணையும். எர்த்து வயர் இரண்டையும் பாட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனோம். பல்பு பிளக்கில் இப்போது 13.7 வோல்ட். முன்பிருந்த 12.0-உடன் ஒப்பிட்டால் வெளிச்சம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அதே 35 வாட் பல்புதான்.

சிங்கப்பூரில் 1995 நவம்பரிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கைப் போட்டுத்தான் ஓட வேண்டும். வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையை எந்நேரமும் தூக்கிக்கொண்டிருக்கிறது என்பதால், ஃபாக் லைட்டையும் போட்டுச் சிக்னலில் நிற்பதுபோல் என்ஜினைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தோம். 13.3 வோல்ட் இருந்தது. பாட்டரி இறங்காது.

கண்ணாடி மங்கியிருந்தது. அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தண்ணீர் விட்டு 1,000, பிறகு 2,000 எண் உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் பூச்சு பூசினோம். பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி மங்கிவிடும். ரப்பர் மூடி திரும்ப அதன் இடத்துக்குப் போனது. வலது ஹோல்டருக்குப் புதியது சொல்லிவைத்தோம், அதுவரை விளிம்பைச் சுத்தம் செய்து பழையதையே மாட்டினோம்.

கடைசியாகக் கோணம். அண்ணனையும் பெட்டியையும் ஏற்றிய நிலையில், விளிம்பு சுவரின் கீழ்க்கோட்டில் படும்படி திருகினோம். முன்பு யாரோ வெறும் வண்டியில் கோணம் வைத்திருக்கிறார்கள். பின்னால் சுமை ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், ஒளியும் தூக்கும். முகப்பு விளக்கும் அதே காரணத்தால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது, அதையும் இறக்கினோம்.

அண்ணனிடம் சொன்ன கணக்கு

10 மீட்டரில் 20 செ.மீ. இறங்கும் ஒளி, 60 செ.மீ. உயரத்திலிருந்து புறப்பட்டால் 30 மீட்டரில் தரையைத் தொடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறோம். கண்ணில் பட்டுக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அதன்பின் ஈரச் சாலையில் நிதானமான பிரேக். எல்லாம் சேர்த்தால் நிற்க 44 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 24 மீட்டருக்குள் நின்றுவிடலாம்.

ஃபாக் லைட் தூரம் காட்டும் விளக்காக இருந்ததே இல்லை. சாலையின் ஓரம், வெள்ளைக்கோடு, பள்ளம், ஓரத்தில் கிடக்கும் பொருள் ஆகியவற்றைப் பக்கத்தில் அகலமாகக் காட்டுவது அதன் வேலை. பக்கத்தில் வெளிச்சம் அளவுக்கு மீறினால் கண் அதற்குப் பழகித் தூரத்து இருட்டைப் பார்க்கும் சக்தி குறைந்துவிடும். எல்.இ.டி. போட்டபோது “அப்பால கறுப்பு” என்று அவர் சொன்னது இதைத்தான். மழை நாளில் இன்னொரு சங்கடமும் உண்டு. நனைந்த சாலை கண்ணாடிபோல் ஆகி ஒளியை முன்னோக்கியே தள்ளிவிடும், நம் பக்கம் திரும்பி வருவது குறைவு. எவ்வளவு பெரிய பல்பு போட்டாலும் நனைந்த தார் கறுப்பாகத்தான் தெரியும்.

அண்ணன் காகிதத்தில் அந்த இரண்டு எண்களையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு

முதல் வாரம் அவருக்குத் திருப்தி இல்லை. “அந்த வெள்ளை வெளிச்சம் மாதிரி இல்லியே தம்பி” என்றுதான் போன் வந்தது. எதிர்பார்த்ததே. பளீரென்ற வெள்ளை கண்ணுக்கு ஒரு தெம்பு கொடுக்கும், அதை இழந்தால் குறைந்ததுபோல்தான் இருக்கும். மழைக்குக் காத்திருங்கள் என்றேன்.

தைப்பூசத்துக்கு முன் இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அந்த நாள்களில் இடப்பக்க வெள்ளைக்கோடு தொடர்ந்து கண்ணில் இருந்தது என்றார். ஒரு நாள் புல் ஓரத்தில் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு நின்றதை, அது சாலையில் இறங்குமுன்னே பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். அப்போது 40-ல்தான் போனாராம். விளக்கு பாதி, வேகம் பாதி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். லாரி ஓட்டுநர்கள் ஹைபீம் அடிப்பது நின்றுவிட்டது.

ஆனால் ஒரு குறை தீரவில்லை. எதிரே லாரி வந்தால் வெளிச்சம் நட்சத்திரமாக வெடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். முகக்கண்ணாடியைக் குழல்விளக்குக்கு எதிரே பிடித்தால், துணியால் வறட்டுத் துடைப்பு துடைத்துத் துடைத்து, வலை பின்னியதுபோல் கீறல். போதாததற்கு அது லேசான புகைநிறம் ஏற்றியது. நிறமில்லாத புதுக் கண்ணாடி மாற்றிக்கொண்டார். எல்.இ.டி. பல்புக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த விலை. பிறகு அவராகவே கண் பரிசோதனைக்கும் போனார். தூரப்பார்வைக்கான பவர் மாறியிருந்தது, புது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். இந்த இரண்டையும் முதல் நாள் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் நண்பர்களோடு சிம்பாங் பூலாய் வழியாக மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனார். சிங்கப்பூரில் மழையும் புகைமூட்டமும் உண்டே தவிர, அடர்ந்த மூடுபனியைப் பார்ப்பது அரிது. அங்கே மேலே ஏறும்போது நல்ல பனி. ஹைபீம் போட்டதும் வெள்ளைத் திரை விழுந்ததுபோல் ஆனது, லோபீமும் ஃபாக் லைட்டும் மட்டும் வைத்தபோது சாலையோரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போக முடிந்தது என்றார். கூட வந்தவர்களில் ஒருவர் அதே ரக எல்.இ.டி. பல்பு போட்டிருந்தார். அவரை அண்ணனுக்குப் பின்னால் வரச் சொல்லி விளக்கை அணைக்க வைத்தார்களாம்.

மூன்று ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. இந்த வண்டிக்கும் அது வந்தது, விளக்குக் கோணத்தில் எந்தக் குறையும் சொல்லாமல் விட்டார்கள்.

பட்டறையில் மாற்றியவை

வெளிச்சம் போதவில்லை என்று யார் வந்தாலும் இப்போது முதலில் எடுப்பது மல்டிமீட்டர். பாட்டரி முனையிலும் பல்பு பிளக்கிலும் என்ஜின் ஓடும்போது அளந்து இரண்டு எண்ணையும் வேலைச்சீட்டில் எழுதுகிறோம். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் பல்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. சாக்பீஸ் கோடு அழிந்துபோகிறது என்பதால் சுவரிலும் தரையிலும் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டோம். வண்டிக்காரர் உட்காராமல், வழக்கமான சுமை ஏற்றாமல் கோணம் வைப்பதில்லை. ஹெல்மெட்டை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை பிடித்துப் பார்க்கிறோம். இதைச் சிலர் விரும்புவதில்லை, பரவாயில்லை.

வாடிக்கையாளர் பெட்டியோடு வந்தால் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒரே கருத்து வரவில்லை. மாட்ட மாட்டோம் என்று சொன்னால் அடுத்த பட்டறைக்குப் போவார் என்பார் ஒருவர். அது நடக்கும். என் பங்குக்கு நான் செய்வது, மாட்டுமுன் அவரை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி ஒரு பக்கம் ஹாலஜன், மறுபக்கம் அவர் கொண்டுவந்த பல்பு என்று போட்டுக் காட்டுவது. இதுவரை அப்படிப் பார்த்த நான்கு பேரில் மூன்று பேர் பல்பைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டார்கள். நான்காமவர் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றார், நான் மாட்டவில்லை, போய்விட்டார்.

அண்ணன் வண்டிக்குச் சொல்லிவைத்த வலது ஹோல்டர் இன்னும் வரவில்லை. பழையது இப்போதைக்குத் தாங்குகிறது. எண்ணெய் மாற்ற வரும்போதெல்லாம் அந்தப் பிளக்கைத் தொட்டுச் சூடு பார்க்கிறேன்.